புளி போட்டு விளக்கிய தோட்டாக்கள்

1

இந்த வருஷம் ஆயுத பூஜைத் தட்டில் நாலு எலுமிச்சம்பழம் இருந்தது. நான் எண்ணினேன். டிஸ்பென்சரியில் கம்பவுண்டராக மாத்திரை எண்ணி எண்ணி, எதைப் பார்த்தாலும் எண்ணும் புத்தி எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது.

“இன்னா விசாலம், பெங்களூர்த் தண்ணி குடிச்சு ஊர் முறையே மறந்துபோச்சா? சாமிக்கு வெக்கறது ஒத்தப்படையா இருக்கணும்னு எனக்குப் பாடம் நடத்தினவளே நீதான?” என்று என் மனைவியைக் கேலி செய்தேன்.

அவள் கற்பூரத்தை ஏற்றினாள். எங்கள் ஒரே மகள் செண்பகம் நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். தன் பங்குக்குத் தெர்மாமீட்டரைத் தட்டில் வைத்துவிட்டு, “விடுங்கப்பா, மம்மிக்கு கவுண்டிங் வீக்கு,” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். போன வருஷமும் நாலுதான் வைத்தாள். அதற்கு முந்தின வருஷமும் நாலு.

சுண்டல் சாப்பிடும்போது, நம் ஊர் வாசகசாலை மலருக்கு வெளியூர் வாழ்க்கையைப் பற்றி எழுதி அனுப்பச் சொல்லி வந்திருந்த கடிதம் நினைவுக்கு வந்தது. இந்த ஊர்க் குளிரையும் ரோஜாப்பூவையும் நல்ல ரோடுகளையும் பற்றி எழுதலாம் என்றிருந்தேன். ஆனால் ஆயுத பூஜை வந்தால் எனக்கு ரோஜாப்பூ ஞாபகம் வருவதில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே தட்டில் மூன்று துப்பாக்கித் தோட்டாக்கள் இருந்ததுதான் ஞாபகம் வருகிறது. வந்ததும் வலது கை ஆள்காட்டி விரல் சில்லிட்டுப்போகிறது. அந்தக் கதையை நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. குடியாத்தத்துக்காரர்களாகிய உங்களிடம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நூறு மைலுக்கு அப்பால் இருக்கிறீர்கள். படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்க வேண்டிய சங்கடம் உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

2

நான் கடல் தாண்டியவன் இல்லை. ஜோலார்பேட்டையில் ரயில் மாறியவன், அவ்வளவுதான். ஆனாலும் ஒரே ஊருக்குள் இரண்டு ராஜ்யம் இருக்கும் அதிசயத்தை இங்கே வந்துதான் பார்த்தேன். நாங்கள் இருக்கும் நீலசந்திரா, தண்டு என்று சொல்லும் கன்டோன்மென்ட் பக்கம். இங்கே வெள்ளைக்காரன் அதிகாரம். கொஞ்ச தூரம் நடந்து பேட்டைப் பக்கம் போனால் மைசூர் மகாராஜா ஆட்சி. போலீஸ் வேறு, கோர்ட்டு வேறு, எழுதிக் கொடுக்கிற பாரம் வேறு. பாஷையும் அப்படித்தான். காய்கறிக்காரியிடம் தமிழ், பால்காரரிடம் கன்னடம், ஜட்கா வண்டி சாயபுவிடம் உருது. வந்த புதிதில் ஒரு நோயாளியிடம் நாளைக்கு மூன்று வேளை மருந்து குடிக்கச் சொல்லுவதாக நினைத்துக்கொண்டு, மூன்று நாளைக்கு ஒரு வேளை என்று கன்னடத்தில் சொல்லிவிட்டேன். ஒன்பது நாள் கழித்து முக்கால் பாட்டிலோடு வந்து, மருந்து வேலை செய்யவில்லை என்று சண்டை போட்டார்.

இங்கே ஒரு ரெஜிமெண்ட் ஊரைவிட்டு மாறிப் போகும்போது துரைமார் வீட்டுச் சாமான்களை ஏலம் விடுவார்கள். ஊஞ்சல் நாற்காலி முதல் உப்பு டப்பா வரை எல்லாம் வரும். எனக்குச் சொந்தமாக நல்ல மருந்துத் தராசு ஒன்று வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஒரு ஏலத்தில் அப்படி ஒரு பித்தளைத் தராசு வந்தது. ஆனால் அதைத் தனியாகத் தரமாட்டோம், பக்கத்தில் இருக்கும் மரப்பெட்டியோடு சேர்த்துத்தான் என்றார்கள். பெட்டியைத் திறந்து காட்டினார்கள். உள்ளே பச்சை வெல்வெட்டில் ஒரு கைத்துப்பாக்கி படுத்திருந்தது. அதற்கு நாலு குழல்.

மேலே இரண்டு, கீழே இரண்டு என்று கட்டைவிரல் பருமனில் நாலு குழல்கள். விசையை ஒவ்வொரு தரம் இழுக்கும்போதும் உள்ளே ஒரு ஊசி சுழன்று, முதல் குழல், இரண்டாம் குழல் என்று வரிசையாகத் தட்டும். யானைமேல் உட்கார்ந்து வேட்டையாடுகிற துரைமார், புலி யானைமேலேயே பாய்ந்துவிட்டால் சுடுவதற்காக இடுப்பில் வைத்திருப்பார்களாம். நான் ஊர்த் திருவிழாவில்கூட யானைமேல் ஏறியவன் இல்லை. ஆனால் அதைக் கையில் எடுத்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் ‘ஏய் கம்பவுண்டர்’ என்று கூப்பிடப்படுகிறவனுக்கு, அப்படி ஒரு கனமான பொருள் கையில் உட்கார்ந்தால் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. அலைந்து லைசென்ஸ் வாங்கிக் காட்டிய பிறகுதான் பெட்டியைக் கொடுத்தார்கள்.

“தராசு வாங்கறேன்னு போய்ட்டு இன்னாத்தைங்க தூக்கிக்கினு வந்தீங்க?” என்றாள் விசாலம்.

“தராசும் இருக்குது, பாரு.”

“இதைக் கொண்டாந்து எங்கங்க வெப்பீங்க? வயசுப் புள்ளையாவப் போற பொண்ணு இருக்கற வூடு.”

நான் அலமாரியில் பூட்டி வைத்தேன். சாவியை அரைஞாணில் கட்டிக்கொள்ளாத குறைதான். வைட்ஃபீல்டில் தோட்டம் போட்டுக்கொண்டிருந்த ரிட்டயரான ரயில்வே துரை ஒருவர், விஷயம் கேள்விப்பட்டு ஜட்கா பிடித்து வந்து பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்து எழுத்தெல்லாம் படித்தார். இந்த மாதிரி இந்தத் தேசத்தில் இன்னும் நாலைந்து இருந்தால் பெரிது, எனக்கே கொடுத்துவிடு என்று கெஞ்சினார். ஒரு துரை என்னிடம் கெஞ்சியதே எனக்குப் போதும். கொடுக்கவில்லை.

3

அவர்தான் ஒரு கஷ்டத்தையும் சொன்னார். இந்தத் துப்பாக்கிக்கான தோட்டாவை இப்போது எந்தக் கம்பெனியும் செய்வதில்லை. சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூட்டைத் தூக்கிப் போடாமல், அதற்குள் நாமே மறுபடி வெடிமருந்து நிரப்பி ஈயக் குண்டு பொருத்திக்கொள்ள வேண்டும். அதற்குரிய கைக்கருவியும் பெட்டியில் இருந்தது, நாலே நாலு காலிக் கூடுகளும் இருந்தன. இதைக் கேட்டதும் மற்றவன் என்றால் சோர்ந்திருப்பான். எனக்குக் குஷி பிறந்தது. நிறுப்பதும் நிரப்புவதும் அடைப்பதும்தானே என் பிழைப்பு?

லைசென்ஸ் ஆபீஸில் கிளார்க்கு குஷிப்படவில்லை.

“தோட்டா வாங்கின ரசீது எங்க, கம்பவுண்டரே?”

“வாங்கல சார். காலிக் கூட்டுல நானே நெரப்பிக்கறேன்.”

“நெரப்பறீங்களா? அப்ப நீங்க தோட்டா பாக்டரி வெச்சிருக்கீங்க. அதுக்கு வேற பாரம்.”

“பாக்டரி இல்ல சார். சமையக்கட்டு பக்கத்துல ஒரு ஸ்டூலு.”

“ஸ்வல்ப இருங்க,” என்று உள்ளே போனவர் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். “ஸ்டூலுக்கு பாரம் இல்லையாம். ஒரு சமயத்துல நாலுக்கு மேல வெச்சுக்கமாட்டேன்னு எழுதிக் கொடுங்க.”

எழுதிக் கொடுத்தேன். அதிலிருந்து என் வீட்டில் எப்போதும் நாலு தோட்டா, ஒன்று கூடாமல் குறையாமல். வருஷத்துக்கு ஒரு தரம் தைமாதத்தில் ஆனேக்கல் ரோட்டில் ஒரு பழைய கல்குவாரிக்குப் போய் நாலையும் சுட்டுப் பார்ப்பேன். அது மகாராஜா எல்லை என்பதால் அதற்குத் தனி அனுமதிச் சீட்டு. சுட்டுவிட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவேன். கூட்டைத் துடைத்து, ஊசி தட்டினால் பொறி விடும் புது கேப்பு அழுத்தி, ஏலத்தில் வாங்கிய தராசில் மருந்தை நிறுத்து, ஈயக் குண்டைப் பொருத்தி, ஈரம் போகாமல் சுற்றிலும் தேன்மெழுகு உருக்கி அடைப்பேன். அந்த மெழுகு வேலையில் எனக்குத் தனிக் கர்வம். நான் அடைத்த தோட்டாவைக் குளத்தில் போட்டு எடுத்தாலும் வெடிக்கும் என்று துரையிடமே பீற்றிக்கொண்டேன்.

4

இனி மகள் விஷயம். இதைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

பக்கத்து வீட்டில் திரேசம்மாள் என்று ஒரு கிறிஸ்தவக் குடும்பத்து அம்மாள். நம்ம பக்கத்துத் தமிழ்தான், புருஷனுக்கு ரயில்வேயில் வேலை. குழந்தை இல்லை. ஆர்மோனியம் இருந்தது, டைகர் என்று ஒரு வெள்ளை நாய் இருந்தது, டிசம்பர் வந்தால் தெருவுக்கே கேக்கு சுடும் அடுப்பு இருந்தது. எங்கள் கொல்லைக்கும் அவர்கள் கொல்லைக்கும் நடுவே ஆள் உயர உண்ணிச்செடி வேலி. அதில் ஒரு சந்து. அந்தச் சந்து வழியாகச் செண்பகம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நழுவிப்போவாள். அவள் படித்தது இங்கிலீஷ் பள்ளிக்கூடம். அங்கே டீச்சரம்மாவின் நாக்கில் செண்பகம் நிற்கவில்லை, பெகி என்று ஆக்கிவிட்டார்கள். வீட்டிலும் பெகி என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

சாயங்காலம் ஒரு மணி நேரம் அவளை உட்காரவைத்துத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுப்பேன். ‘ற’வுக்கும் ‘ர’வுக்கும் வித்தியாசம் கேட்டு முடிப்பதற்குள் எனக்குக் கோபம் வந்துவிடும். அவளுக்கு அழுகை வந்துவிடும். அவளுக்குப் பதினொரு வயது. அந்தக் கார்த்திகை மாதம் என் அண்ணன் ஊரிலிருந்து வந்திருந்தார்.

“இன்னாம்மா, சாப்ட்டியா?” என்று அன்பாகக் கேட்டார்.

“ஆயித்து,” என்றாள் கன்னடத்தில். பிறகு, “தேங்க் யூ அங்கிள்,” என்றாள்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். “டேய், பொண்ணைப் பெத்தியா, இல்ல ஏலத்துல எடுத்தியா?” என்றார். அவர் விளையாட்டுக்குச் சொன்னார். என் மானம் போய்விட்டது. அவரை ரயிலேற்றிவிட்டு வந்து, இனிமேல் அந்த வேலிச் சந்தில் கால் வைத்தால் காலை ஒடிப்பேன் என்று கத்தினேன். அவள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்லிவிடுவாள். நானும் அப்படியே. ஒரு மாதம் இப்படி ஓடியது. அப்படியும் அவள் துணியில் உண்ணிப்பூ ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானே கருவேல முள் கொண்டுவந்து அந்தச் சந்தை அடைத்தேன். அதையும் மெழுகு வைத்து அடைப்பதுபோல இடுக்கு விடாமல் அடைத்தேன்.

5

அதற்கு இரண்டு மாதம் முன்னால் அந்த வருஷத்து ஆயுத பூஜை. குளித்துவிட்டு வந்து பார்த்தால் தட்டில் தராசு, அரிவாள்மணை, கத்தரிக்கோல், துப்பாக்கி. துப்பாக்கிக்கு நாலு குழலிலும் சந்தனப் பொட்டு. அதன் முன்னால் மூன்று தோட்டாக்கள் சாமி விளக்குப்போலத் தகதகவென்று நின்றன.

“இது இன்னா பளபளப்பு? இன்னா செஞ்சே?”

“பித்தளைதானங்க? நீங்க பூஜைக்குன்னு குடுத்த சாவியில பொட்டியத் தொறந்து, பூஜை சாமானோட சேத்துப் புளி போட்டு விளக்கினேன். ஒரே பிசுக்கு, மெழுகு மாதிரி. போவவே மாட்டேன்னுடுச்சு. கொதிக்கற தண்ணிய ஊத்தி ஊறவெச்சப்பறம்தான் போச்சு.”

கொதிக்கிற தண்ணீர் என்று சொன்னது என் காதில் விழுந்தது. மண்டைக்குள் போகவில்லை. நல்ல நாளில் சண்டை வேண்டாம் என்றிருந்தேன்; அதோடு அந்தப் பளபளப்பு எனக்கும் பிடித்திருந்தது என்பதுதான் உண்மை.

“நாலு இருந்துச்சே. இன்னொண்ணு?”

“பொட்டியிலதான் இருக்குது. சாமிக்கு வெக்கறது ஒத்தப்படையா இருக்கணுங்க. அதான் மூணு எடுத்தேன்.”

பூஜை முடிந்ததும் பொட்டைத் துடைத்து, மூன்றையும் பெட்டியில் நாலாவதின் பக்கத்தில் வைத்தேன். மூன்று தங்கமாக இருந்தது. ஒன்று மங்கலாக இருந்தது. பூட்டிவிட்டு டிஸ்பென்சரிக்குப் போனேன்.

6

சந்தை முள்போட்டு அடைத்தேன் என்று சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமைக்கே வருகிறேன். கிறிஸ்துமஸுக்கு நாலைந்து நாள் இருந்தது. வெயில் நன்றாக ஏறியிருந்தது. கொல்லையில் உட்கார்ந்து குடைக்கம்பிக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தின வாரம்தான் டிஸ்பென்சரிக்கு ஒரு ஜட்கா வண்டிக்காரரைக் கொண்டுவந்திருந்தார்கள். வெறிநாய் கடித்து நாளாகிவிட்டது. தண்ணீர் டம்ளரைக் கண்டதும் அந்த மனிதர் உடம்பு தூக்கிப்போட்ட விதத்தை, தோளைப் பிடித்துக்கொண்டிருந்த என் கை மறக்கவில்லை. அவர் பிழைக்கவில்லை.

வேலி ஓரம் ஏதோ அசைந்தது. நிமிர்ந்தேன். ஒரு நாய். வாயெல்லாம் வெள்ளை நுரை. நுரை கொத்துக் கொத்தாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. தலையை உதறிக்கொண்டு, மூக்கைத் தரையில் தேய்த்துக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டு டைகர் என்பதே எனக்குத் தோன்றவில்லை. எனக்கு ஜட்காக்காரரின் கழுத்து நரம்புதான் தெரிந்தது.

உள்ளே ஓடினேன். அலமாரியைத் திறந்து பெட்டியை எடுத்தேன். விசாலம் சமையல்கட்டிலிருந்து ஓடிவந்தாள்.

“வெறிநாய்! கொல்லையில நிக்குது. நான் வெளிய போனதும் தாப்பா போட்டுக்க!”

“ஏங்க, பாப்பா வந்து...”

“பேசாதே! சொன்னதைச் செய்!”

குழந்தை உள்ளே பயந்துகொண்டிருக்கிறது, அதைச் சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன்.  பளபளவென்று இருந்த மூன்று தோட்டாவையும்தான் கை முதலில் எடுத்தது. வழக்கம்போல முதல் குழல், இரண்டாம் குழல், மூன்றாம் குழல் என்று போட்டேன். மங்கலானது கடைசிக்குப் போயிற்று. வெளியே வந்தேன். பின்னால் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

நாய் வேலியண்டை போய், நான் அன்று காலை அடைத்த சந்தில் மூக்கை நுழைத்து மோந்துகொண்டிருந்தது. அதன் வால் ஆடிக்கொண்டிருந்தது என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. எட்டு அடி தூரம். இரண்டு கையாலும் துப்பாக்கியைப் பிடித்துக் குறி பார்த்து விசையை இழுத்தேன்.

டக். அவ்வளவுதான். வெடிக்கவில்லை.

மறுபடி இழுத்தேன். டக். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நான் நிறுத்து, நான் நிரப்பி, நான் அடைத்த தோட்டா. மூன்றாம் தரம் இழுத்தேன். டக். நாய் என்னைத் திரும்பிப் பார்த்தது. ஆத்திரம் தலைக்கேறி நாலாவதற்கு விசையை இழுக்கத் தொடங்கினேன். அந்தத் துப்பாக்கியின் விசை கனமானது. பாதி வந்துவிட்டது.

அப்போது வேலி பேசியது.

“டைகர், கோ ஹோம்! ச்சீ, போ! அப்பா பாத்துடுவாரு!”

ரகசியமாகச் சொன்ன குரல். அடுத்து, நாயின் தலைக்கு நேர் பின்னால், வேலியின் அந்தப் பக்கத்தில், இலைகளின் ஊடே, குந்தியிருந்த என் மகளின் முகம் தெரிந்தது. மூக்கிலும் கன்னத்திலும் அதே வெள்ளை நுரை. தலைமயிரில் உண்ணிப்பூ. அவள் நெற்றி என் குழலுக்கு நேராக இருந்தது. நாயையும் வேலி இலையையும் தவிர நடுவில் ஒன்றுமில்லை.

எனக்கு உடம்பு மரத்துவிட்டது. கையைத் தாழ்த்த வேண்டும் என்று தெரிகிறது, கை கேட்கவில்லை. விரலை எடுக்க வேண்டும் என்று தெரிகிறது, விரல் வரவில்லை. பாதி இழுத்த விசையில் விரல் ஆணி அடித்தாற்போல நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பின்னாலிருந்து விசாலம் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரு வார்த்தை பேசாமல் அதைத் தரைப்பக்கம் திருப்பினாள். பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள், அப்போதுதான் பிறந்த குழந்தையின் கையைப் பிரிப்பதுபோல அவ்வளவு மெதுவாக.

“அப்பா, டைகரை ஷூட் பண்ணாதீங்க! அவன் ஒண்ணும் பண்ணல! எக் வொயிட்டைத் தின்னுட்டான், அவ்ளோதான்!” என்று செண்பகம் அழுதாள். ஒரு மாதம் கழித்து அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

அதற்குள் திரேசம்மாள் கையில் காலிக் கிண்ணத்தோடு ஓடிவந்தார். “ஐயோ மாதாவே! கம்பவுண்டரண்ணா, கேக்குக்கு அடிச்சு வெச்ச வெள்ளைக்கரு அண்ணா! பாப்பாதான் அடிச்சுக் குடுத்துச்சு, இந்த நாயி வாய வெச்சுட்டு வாசப் பக்கமா சுத்திக்கினு ஓடியாந்துச்சு!” அவருக்கு என்ன நடந்தது என்று புரிந்ததும் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

செண்பகம் நான் முள் அடைப்பதற்கு முன்பே திருட்டுத்தனமாகப் போய்விட்டுச் சந்து வழியாக வீட்டுக்கு வரப் பார்த்திருக்கிறாள். சந்து முள்ளாக இருந்திருக்கிறது. எந்த இடுக்கில் நுழையலாம் என்று குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அடைத்தது நான். அவளை அங்கே குந்தவைத்தது நான். எதிரே துப்பாக்கியோடு நின்றதும் நான்.

7

மறுநாள் காலை டிஸ்பென்சரிக்குப் போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து தோட்டாக்களைப் பிரித்தேன். முதல் கூட்டிலிருந்து மருந்து எள்ளுப் பிண்ணாக்குப்போலக் கட்டியாக வந்தது. மோந்தேன். புளி வாசனை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. மெழுகு உருகி உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. மூன்றின் அடியிலும் ஊசி குத்திய பள்ளம் இருந்தது.

நாலாவதின் அடியில் பள்ளம் இல்லை. மெழுகு நான் வைத்தபடி இருந்தது. குண்டை எடுத்துவிட்டுக் கூட்டைக் காகிதத்தில் சாய்த்தேன். மருந்து சரசரவென்று மணல்போல, ஒரு துளி ஈரமில்லாமல் கொட்டியது. ஒரு சிட்டிகையைக் கல்மேல் வைத்துத் தீக்குச்சி காட்டினேன். குப்பென்று எரிந்தது. அப்படியே ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் படுத்துக்கொண்டேன். விசாலம் வந்து, “இன்னாங்க பண்ணுது?” என்றாள். ஜுரம் என்றேன். உண்மையாகவே மூன்று நாள் ஜுரம் அடித்தது.

அந்த வாரமே துப்பாக்கியை ஒப்படைக்கப் போனேன்.

“பாரத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்குது, கம்பவுண்டரே. இன்னா எழுதட்டும்?”

“தேவையில்லன்னு எழுதுங்க.”

“நாலு தோட்டா இருக்கணுமே?”

“பிரிச்சுட்டேன்.”

“பர்மிஷன் இல்லாம பிரிச்சீங்களா? அதுக்கு...” என்று நிமிர்ந்தவர் என் முகத்தைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நல்ல மனிதர். பாரத்தை அவரே நிரப்பினார். அப்படியும் வருஷா வருஷம் தைமாதத்தில் லைசென்ஸைப் புதுப்பிக்கச் சொல்லி எனக்கு நோட்டீஸ் வந்துகொண்டுதான் இருக்கிறது.

வேலியை அந்த மாதமே வெட்டி எடுத்துவிட்டேன். தமிழ்ப் பாடத்தையும் நிறுத்திவிட்டேன். அவள் பெகியாகவே வளர்ந்தாள். எங்கள் வீட்டில் இந்தக் கதை சிரிப்புக் கதையாகத்தான் வழங்குகிறது. வெள்ளைக்கரு தின்ற டைகரைப் புலி சுடும் துப்பாக்கியால் சுடப்போன அப்பா என்று செண்பகம் தன் சிநேகிதிகளிடம் நடித்தே காட்டுவாள். என் புளிதான் அந்த நாயைக் காப்பாத்திச்சு என்று விசாலம் எடுத்துக்கொடுப்பாள். நானும் கூடச் சிரிப்பேன். நாலாவது தோட்டா உலர்ந்திருந்தது என்பது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டு சிரிப்பேன்.

8

இதை எழுதி முடித்தபோது, பூஜை முடிந்து மூன்றாம் நாள் மாலை ஆகிவிட்டது. இப்போது யுத்தகாலம். தெருவெல்லாம் மிலிட்டரி லாரி, மண்ணெண்ணெய்க்குக் கியூ. செண்பகம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது மேஜைக்குப் பக்கத்தில் நின்று காகிதத்தைப் பார்த்தாள். அவளுக்கு இதில் ஒரு எழுத்துப் படிக்க வராது.

“என்னப்பா இவ்ளோ பெருசா எழுதறீங்க?”

“ஊருக்கு. உன் கதைதான்.”

“டைகர் ஸ்டோரியா? நல்லா காமெடியா எழுதுங்க,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விசாலத்துக்குத் தமிழ் படிக்கத் தெரியும். மலர் அச்சாகித் தபாலில் வந்தால் அவள் படிப்பாள். அச்சில் பார்த்து அவள் தெரிந்துகொள்வது சரியில்லை என்று தோன்றியது. கூப்பிட்டு உட்காரவைத்து, ஏழாவது பகுதிவரை மெதுவாகப் படித்துக் காட்டினேன். மருந்து மணல்போலக் கொட்டியது என்ற இடத்தில் நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் அலறுவாள், குறைந்தது அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“எனக்குத் தெரியுங்க,” என்றாள்.

“இன்னா தெரியும்?”

“நாலாவது நல்லாத்தான் இருந்துருக்கும்னு. நான்தான அதைக் கழுவாம வுட்டவ? அன்னிக்கு பாப்பாவ அந்தூட்டுக்குப் போய்ட்டு வான்னு அனுப்பினதும் நான்தான். ஒரு மாசமா புள்ள மூஞ்சி தொங்கிப்போச்சு, கேக்கு செய்யற நாளு, போவட்டும்னு அனுப்பினேன். அதைத்தான் சொல்ல வந்தேன். நீங்க பேசாதேன்னீங்க.”

நான் கையிலிருந்த காகிதத்தை மேஜைமேல் வைத்தேன்.

“உள்ள தாப்பா போட்டுட்டு ஜன்னலண்ட போனேன். வேலிக்கு அந்தாண்ட பச்சைப் பாவாடை தெரியுது. டக்குன்னு ஒண்ணு. அப்பறம் ரெண்டு. அப்பறம் மூணு. நனைஞ்ச பட்டாசு வெடிக்காதுன்னு எனக்குத் தெரியாதாங்க? மூணுதான் நனைஞ்சுது. கத்தலாம்னு வாயத் தொறந்தேன், கொரலே வரல. கால்தான் வந்துச்சு.”

“ஏழு வருஷமா ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீங்க ஏன் சொல்லல?”

பக்கத்து வீட்டில் திரேசம்மாள் ஆர்மோனியத்துக்குத் துருத்தி போடும் சத்தம் கேட்டது. விசாலம் எழுந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“பாப்பாவ நான்தான் அனுப்பினேன்னும் அதுல எழுதுங்க. வுட்டுடாதீங்க.” வாசல்படி வரை போனவள் திரும்பினாள். “இன்னொண்ணுங்க. நாலு பழம் வெக்கறது நான் மறந்துபோய் வெக்கல. ஒத்தப்படைன்னு சொல்லி ஒரு தோட்டாவ நான் தட்டுக்கு வெளிய வுட்டேன். அது எதுக்கு நேரா போய் நின்னுச்சுன்னு பாத்தேன். இனிமே என் கையால எதையும் வெளிய வுடமாட்டேன்.”

சொல்லிவிட்டு விளக்கேற்றப் போனாள். அவள் எழுதச் சொன்னதை எழுதிவிட்டேன். பிறகு நான் எழுந்துபோய், பூஜைத் தட்டில் வாடிக் கிடந்த பழங்களை மறுபடி எண்ணினேன். நாலும் இருந்தது.